விபத்துக் களத்தில் முதல் பத்து நிமிடம்: பயின்ற கைகள் நமக்கு ஏன் வேண்டும்?



தமிழகத்தின் பல ஊர்களில் நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஆம்புலன்ஸ் வாகனங்களை நடத்தி வருகின்றன. சாதி, மதம் பாராமல் யார் அழைத்தாலும் அவை ஓடுகின்றன. அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய சேவை. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்வது குறைவு. விபத்து நடந்த இடத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்ததும், அதிலிருந்து இறங்குகிறவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தெரிவித்தது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவர்கள் எல்லோரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெளியே ரத்தம் வடிந்தும், தொண்டை அடைபட்டும் மரணிப்பவர்களில் ஒரு பகுதியினர், உரிய நேரத்தில் உரிய கவனிப்புக் கிடைத்தால் பிழைக்கக் கூடியவர்கள். அந்தக் கவனிப்பைத் தரும் டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கென்றே உயர்நிலைப் பயிற்சி ஒன்று உண்டு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. பயிற்சி அவர்களுக்குத்தான். ஆனாலும் அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் எல்லாக் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஓர் உயிரை வாழவைப்பதன் மதிப்பை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் நாம் ஓதுகிறோம். அந்த ஆர்வம் நம்மிடம் உண்டு. அதோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டிய இன்னொரு போதனையும் உண்டு. வைத்தியம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நல்ல நிய்யத் மட்டும் போதாது, செய்கிற காரியத்தின் இல்மும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் நூலில் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். ஊரில் சிலர் கற்றுக்கொண்டால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும். ஒருவருமே கற்காவிட்டால் ஊர் முழுவதும் பதில் சொல்ல வேண்டும். ஜனாஸா தொழுகைக்கு ஆள் இல்லாமல் போக நாம் விடுவதில்லை. காயம்பட்டவர் ஜனாஸாவாக ஆகாமல் தடுக்க ஆள் இருக்கிறதா என்றும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

இதற்கு நம் வரலாற்றிலேயே முன்மாதிரி இருக்கிறது. அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்து ரத்தம் பெருகியது. நபி (ஸல்) அவர்கள் அவரைத் தம் பள்ளிவாசலில் போடப்பட்ட கூடாரத்தில் தங்க வைத்தார்கள். அங்கே காயம்பட்டவர்களைக் கவனித்தவர் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. வைத்தியம் அறிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தார், காயம்பட்டவர் அவரிடம் உடனே ஒப்படைக்கப்பட்டார். பின்னர் அதே காயத்தால் ஸஅத் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது என்பதற்கும் அந்த நிகழ்ச்சி சான்று.

இந்தப் பயிற்சி எப்படித் தோன்றியது?

1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் வயல்வெளியில் விழுந்தது. ஓட்டியவர் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர். உடன் வந்த மனைவி அங்கேயே இறந்தார். நான்கு பிள்ளைகளில் மூவர் பலத்த காயத்தோடு கிடந்தார்கள். அவர் தாமே காயம்பட்டிருந்த நிலையில் சாலைக்கு வந்து ஒரு காரை நிறுத்தி, பிள்ளைகளைப் பக்கத்துச் சிற்றூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர்களுக்குப் பலத்த காயங்களைக் கையாளும் முறையான பயிற்சி இல்லை. கையில் எதுவும் இல்லாமல் வயல்வெளியில் தாம் செய்த கவனிப்பு, ஆஸ்பத்திரியில் கிடைத்ததைவிட மேலாக இருந்தது என்று அவர் வருந்தினார்.

அந்த டாக்டர்கள் கெட்டவர்கள் அல்லர், படிக்காதவர்களும் அல்லர். எதை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கை யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. ஸ்டைனரும் நண்பர்களும் சேர்ந்து அந்த ஒழுங்கை ஒரு பாடத்திட்டமாக்கி, 1978இல் நெப்ராஸ்காவிலேயே முதல் வகுப்பை நடத்தினார்கள். 1980இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. ஏ.டி.எல்.எஸ். என்று உலகெங்கும் டாக்டர்கள் அறிந்த பயிற்சி இதுதான்.

அது ஆஸ்பத்திரிக்குள் செய்ய வேண்டியதைச் சொல்லித் தந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன் சாலையோரத்திலும் வண்டிக்குள்ளும் செய்ய வேண்டியதற்குத் தனிப் பயிற்சிகள் 1980களில் உருவாயின. நார்மன் மெக்ஸ்வைன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் முன்முயற்சியில் பி.எச்.டி.எல்.எஸ். வந்தது. அலபாமா மாநிலத்தில் ஜான் கேம்ப்பெல் என்ற டாக்டர் தொடங்கிய வகுப்பு இன்று ஐ.டி.எல்.எஸ். என்ற பெயரில் நடக்கிறது. இந்தியாவிலும் இத்தகைய வகுப்புகள் நடத்தப்படுகின்றன.

படித்தவருக்கு மறுபடியும் பயிற்சி எதற்கு?

"என் மகள் பி.எஸ்.சி. நர்சிங் முடித்தவள். அவளுக்கு இன்னும் என்ன பயிற்சி?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

வார்டில் வேலை செய்கிற நர்ஸுக்கு வெளிச்சம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கேட்டால் சொல்ல டாக்டர் இருக்கிறார், நோயாளியின் விவரம் எழுதிய தாள் இருக்கிறது. சாலையில் இவை எதுவும் இல்லை. இருட்டு, கூட்டம், கத்தும் உறவினர், கசியும் பெட்ரோல், பின்னால் வேகமாக வரும் லாரி. அங்கே முழங்காலிட்டு அமர்ந்து அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். கல்லூரியில் கற்ற அறிவு அப்படியே இருக்கிறது. அதை அந்த இடத்துக்கு ஏற்ற வரிசையில் அடுக்குவதே பயிற்சியின் வேலை.

பி.எச்.டி.எல்.எஸ். வகுப்பு பொதுவாக இரண்டு நாள், சுமார் 16 மணி நேரம் நடக்கும். ஏற்கெனவே தகுதி பெற்ற டாக்டர், நர்ஸ், அவசர மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கே அது உரியது. உட்கார்ந்து கேட்பது குறைவு, செய்து பழகுவது அதிகம். காயம்பட்டவராக ஒருவர் நடிப்பார். குழுவாக இறங்கி அவரைப் பரிசோதித்து, கட்டி, தூக்கி வண்டியில் ஏற்றிக் காட்ட வேண்டும். இறுதியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் பழகாத கை மறந்துவிடும், மருத்துவ முறைகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

என்ன கற்றுத் தருகிறார்கள்?

முதல் பாடம், உதவப் போகிறவரின் பாதுகாப்பு. அறுந்து கிடக்கும் மின்கம்பி, ஓடும் வாகனங்கள், தீ, இவற்றைப் பார்க்காமல் ஓடுகிறவர் அடுத்த நோயாளியாகிவிடுவார். அதன் பின் எக்ஸ், ஏ, பி, சி, டி, ஈ என்ற ஆறு எழுத்து வரிசை. எது வேகமாக உயிரைப் பறிக்குமோ அதை முதலில் கவனிப்பதே இதன் அடிப்படை.

எக்ஸ் என்பது பீறிட்டு ஓடும் ரத்தம். முன்பெல்லாம் மூச்சுப்பாதையே முதல் இடத்தில் இருந்தது. கை, காலில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்பதால் இப்போது இதற்கு முதலிடம். காயத்தின் மேல் நேராக அழுத்துவது, ஆழமான காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்துவது, கை காலாக இருந்தால் காயத்துக்கு மேலே டூர்னிகே பட்டையை இறுக்கி நேரத்தைக் குறித்து வைப்பது ஆகியவற்றைப் பழக்குகிறார்கள்.

ஏ என்பது மூச்சுப்பாதை. மயங்கிக் கிடப்பவர் குறட்டை விடுவதுபோல் சத்தம் வந்தால் தூங்குகிறார் என்று எண்ணக் கூடாது. நாக்கு பின்னால் சரிந்து பாதையை அடைக்கிறது என்று பொருள். கழுத்தை அசைக்காமல் தாடையை முன்னால் தள்ளிப் பாதையைத் திறக்க வேண்டும்.

பி என்பது மூச்சு. விலா எலும்பு உடைந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கினால் இதயமே அழுத்தப்படும். மார்பில் ஊசி செலுத்தி அந்தக் காற்றை வெளியேற்றுவது உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் தவறான ஆளுக்கு, தவறான இடத்தில் செய்தால் தீங்கு. மேலே சொன்ன ஹதீஸின் எச்சரிக்கை இங்கே கண்முன் தெரிகிறது.

சி என்பது ரத்த ஓட்டம். இதில் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. திடமான இளைஞர் ஒருவர் உள்ளுக்குள் ரத்தம் இழந்துகொண்டிருந்தாலும் அவருடைய ரத்த அழுத்தம் நீண்ட நேரம் சரியாகவே காட்டும். மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போன பிறகே அது விழத் தொடங்கும். விழுந்த பிறகு மீட்பது கடினம். எனவே பிரஷர் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாமல், தோல் குளிர்ந்து வியர்ப்பது, நாடி வேகமாவது, பதற்றம் கூடுவது ஆகியவற்றைப் பார்க்கப் பயிற்றுவிக்கிறார்கள். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமலே உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம்.

டி என்பது மூளையின் நிலை. கண் திறப்பது, பேசுவது, அசைவது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு 3 முதல் 15 வரை கணக்கிடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974 முதல் பயன்பாட்டில் உள்ளது. தலைக் காயம் பட்டவருக்கு ஆக்சிஜன் குறைவதும் ரத்த அழுத்தம் விழுவதும் மூளைக்கு இரண்டாவது அடி. அதைத் தடுப்பது களத்தில் இருப்பவர் கையில் உள்ளது.

ஈ என்பது ஆடையை விலக்கி மறைந்துள்ள காயங்களைத் தேடுவதும், உடனே போர்த்துவதும். ரத்தம் இழந்தவரின் உடல் நம் ஊர் வெயிலிலும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடலில் ரத்தம் உறைவது தடைபடும். நனைந்த துணியோடு ஏசி வண்டியில் படுக்க வைத்தால் நிலைமை மோசமாகும். அதனால் சித்திரை மாதத்திலும் ஆம்புலன்ஸில் போர்வை இருக்க வேண்டும்.

பத்து நிமிடக் கணக்கு

நிலைமை மோசமான நோயாளியோடு சாலையில் பத்து நிமிடத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது இந்தப் பயிற்சியின் முக்கியப் பாடம். உள்ளே கசியும் ரத்தத்தை நிறுத்த அறுவைச் சிகிச்சை அரங்கு தேவை. சாலையில் நின்று டிரிப்ஸ் ஊசிக்கு நரம்பு தேடும் நேரம் அவருடைய உயிரிலிருந்து கழிகிறது. அதை ஓடும் வண்டியில் செய்யலாம். டிரிப்ஸைத் தாராளமாக ஏற்றுவதும் தவறு. உப்புநீர் அதிகமானால் ரத்தம் நீர்த்து, உறையும் தன்மை குறைந்துவிடும்.

நேரத்தின் அருமைக்கு ஓர் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற விலை குறைந்த மருந்தைப் பற்றி 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு அந்த மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் மரணம் குறைகிறது, சீக்கிரம் கொடுத்தால் பலன் அதிகம், அந்த நேரம் கடந்த பின் கொடுத்தால் தீங்கு நேரலாம் என்று தெரியவந்தது. மருந்து அதேதான். நேரம் அதன் பலனையே மாற்றிவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது எப்படி அடிபட்டார், என்னென்ன காயம், நாடியும் மூச்சும் எப்படி, இதுவரை என்ன செய்தோம் என்ற நான்கையும் அரை நிமிடத்தில் சொல்லவும் பழக்குகிறார்கள். இந்த நான்கு வரி கிடைக்காமல் தடுமாறும் டாக்டர்கள் பலர்.

ஆடையை வெட்டும்போது

நம் குடும்பங்களில் தயக்கம் வரும் இடம் இது. அடிபட்ட பெண்ணின் ஆடையைக் கத்தரிக்க உறவினர் மறுப்பது உண்டு. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை அனுமதிக்கும், ஆனால் தேவையின் அளவுக்கு மட்டுமே என்பது ஃபிக்ஹ் சட்டத்தின் அறியப்பட்ட விதி. உயிர் ஆபத்தில் காயத்தைத் தேடுவது அந்தத் தேவைக்குள் அடங்கும். பயிற்சியும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது: தேவையான பகுதியை மட்டும் விலக்கு, பார்த்து முடித்ததும் உடனே மூடு, கூட்டத்தின் பார்வையிலிருந்து மறை.

பெண்களைப் பெண்களே கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அப்படியானால் அந்தப் பெண்களை நாம்தான் உருவாக்க வேண்டும். நர்சிங் படித்துவிட்டுத் திருமணத்துக்குப் பின் சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்ட சகோதரிகள் எத்தனையோ மஹல்லாக்களில் இருக்கிறார்கள். ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் பள்ளிவாசலிலேயே இருந்தது என்பதை அவர்களின் கணவர்மாரும் மாமியார்களும் எண்ணிப் பார்க்கட்டும்.

பயிற்சி இல்லாதவர் என்ன செய்யலாம்?

பொறுப்பு பற்றிய ஹதீஸைக் கேட்டுவிட்டு, நமக்கேன் வம்பு என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நிபுணர் செய்ய வேண்டிய சிகிச்சையை மட்டும் நிபுணருக்கு விட்டுவிடுங்கள். எல்லோரும் செய்யக் கூடியவை இவை:

- உடனே 108ஐ அழைத்து, இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். இந்தச் சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக நடக்கிறது.
- ரத்தம் வடியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, உதவி வரும்வரை விடாமல் அழுத்துங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்.
- தண்ணீர், சோடா எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.
- கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். தீ போன்ற ஆபத்து இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே அசையாமல் வையுங்கள்.
- சுற்றி நின்று படம் எடுப்பவர்களை விலக்கி, காற்றும் மறைப்பும் கொடுங்கள்.

சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்கிறது. செலவுக்கு அஞ்சியும் தாமதிக்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தின் வரம்புக்குள் கட்டணமின்றிக் கிடைக்கும்.

நம் மஹல்லா செய்ய வேண்டியது

முதலில் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். நம் மஹல்லாவில் டாக்டர், நர்ஸ், அவசர மருத்துவப் பணியாளர் எத்தனை பேர், அவர்களில் விபத்துச் சிகிச்சைப் பயிற்சி பெற்றவர் யார் என்று எழுதுவோம்.

இரண்டாவதாக, ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஏஐஎஸ்-125 என்ற இந்தியத் தர விதி ஆம்புலன்ஸ்களை முதலுதவி வாகனம், நோயாளியை ஏற்றிச்செல்லும் வாகனம், அடிப்படை உயிர்காப்பு வாகனம், மேம்பட்ட உயிர்காப்பு வாகனம் என்று நான்காகப் பிரிக்கிறது. ஏற்றிச்செல்லும் வாகனத்தை உயிர்காப்பு வாகனம் என்று நம்பி மக்கள் ஏறக் கூடாது. நம்மிடம் இருப்பது எது என்று வெளிப்படையாகச் சொல்வதும் அமானிதம்தான்.

மூன்றாவதாக, அடுத்த வண்டிக்கு நன்கொடை திரட்டும் முன், இருக்கிற வண்டிக்கு இரண்டு பேரையாவது பயிற்சிக்கு அனுப்புவோம். பொதுச் சதகா நிதியை இதற்குப் பயன்படுத்தலாம். ஜகாத் நிதியிலிருந்து கொடுக்க எண்ணினால் பயில்பவர் அதற்குத் தகுதியானவரா என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது முறை. டிரைவரையும் அடிப்படை முதலுதவி வகுப்புக்கு அனுப்ப வேண்டும், ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிப்பவர் அவர்தான். பயிற்சி முடித்தவரும் தம் தொழிலுக்குச் சட்டம் அனுமதித்த எல்லைக்குள், ஒரு டாக்டரின் வழிகாட்டலோடு செயல்பட வேண்டும்.

குடும்பமாக அமர்ந்து சிந்திக்க

1. நம் வீட்டில், உறவில் மருத்துவத் துறை படித்தவர் யார்? அவர் இந்தப் பயிற்சிக்குப் போக நாம் என்ன உதவி செய்யலாம்?
2. ரத்த அழுத்தம் சரியாக இருந்தும் ஒருவர் ஆபத்தில் இருக்க முடியும் என்பது ஏன்?
3. வைத்தியம் அறியாமல் சிகிச்சை செய்பவரின் பொறுப்பு பற்றிய ஹதீஸ், ஆம்புலன்ஸ் நடத்தும் நிர்வாகிகளுக்கு என்ன சொல்கிறது?
4. இன்று நம் தெருமுனையில் விபத்து நடந்தால், முதல் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்வது?

நான்காவது கேள்விக்குப் பதில் தெரியாத வீடுகள், வரும் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளைச் சந்தித்துப் பேசுங்கள். மருத்துவத் துறை படித்தவர்கள் தங்கள் பெயரைக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் எல்லா மக்களையும் விபத்துகளிலிருந்து காப்பானாக. கற்றதைக் கொண்டு பிறர் உயிர் காக்கும் பாக்கியத்தை நம் சமுதாயத்துக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.